ஜப்பானின் வாடகைப் பேருந்து ஓட்டுநர்களும் வேலைநேர வரம்பும்

ஜப்பானில் பேருந்து முழுவதையும் ஒரு குழுவினருக்கு வாடகைக்கு விடும் தொழில் 'கஷிகிரி பஸ்' எனப்படும். பள்ளிச் சுற்றுலாக்களும் பனிச்சறுக்குப் பயணங்களும் பெரும்பாலும் இப்பேருந்துகளை நம்பியே நடைபெறுகின்றன. இவற்றின் ஓட்டுநர்களுக்கான வேலைநேர விதிகள் விபத்துகளுக்குப் பின்னரே பலமுறை திருத்தப்பட்டுள்ளன.

1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணிநேர வேலையை விதித்தது. ஆனால் மிகைநேர வேலைக்கு அது இடமளித்ததால், நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு அந்த வரம்பு பெரிதாகப் பயன்படவில்லை. 1989இல் தொழிலாளர் அமைச்சகம் ஓட்டுநர்களுக்கெனத் தனி அறிவிக்கை வெளியிட்டது. வண்டி ஓட்டும் நேரம் இரண்டு நாள் சராசரியில் நாளொன்றுக்கு 9 மணிநேரத்தையும், இடைவெளியின்றி ஓட்டுவது 4 மணிநேரத்தையும் தாண்டக் கூடாது. ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே தொடர்ந்து 8 மணிநேர ஓய்வு வேண்டும். வீடு திரும்புவது, குளிப்பது, உண்பது, மீண்டும் பணிக்கு வருவது எல்லாம் இந்த 8 மணிநேரத்துக்குள்தான். உறக்கத்துக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை எளிதில் கணக்கிடலாம்.

2000ஆம் ஆண்டில் இத்தொழிலுக்கான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. சுமார் 2,300ஆக இருந்த நிறுவனங்களின் எண்ணிக்கை பத்தாண்டுகளில் 4,000ஐத் தாண்டியது. பயண முகமைகள் சுற்றுலா என்ற பெயரில் ஆள் சேர்த்து, வாடகைப் பேருந்துகளை நகரங்களுக்கிடையே இரவில் மலிவுக் கட்டணத்தில் இயக்கின. வேலை இடைத்தரகர்கள் வழியே கைமாறி வந்ததால், பேருந்தை ஓட்டும் நிறுவனத்துக்குக் கிடைத்த தொகை சுருங்கியது. இரண்டாவது ஓட்டுநரை அமர்த்துவது கூடுதல் செலவாகப் பார்க்கப்பட்டது.

2007இல் ஒசாகா அருகே சுயிட்டாவில் பனிச்சறுக்குப் பயணப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளானது. அடுத்த ஆண்டு போக்குவரத்து அமைச்சகம், ஒரே ஓட்டுநர் நாளொன்றுக்கு 670 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என வழிகாட்டுதல் அளித்தது. 9 மணிநேர வரம்பையொட்டி வகுக்கப்பட்ட இந்த எண், பகலையும் இரவையும் ஒன்றாகவே கருதியது. விடியற்காலை நான்கு மணிக்கு உடல் தானாகவே உறக்கத்தை நாடும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. 2010இல் உள்விவகார அமைச்சகம் இவ்வழிகாட்டுதலை மறுபரிசீலனை செய்யுமாறு பரிந்துரைத்தும் எண் மாறவில்லை.

2012 ஏப்ரல் 29 அதிகாலை, கனசவாவிலிருந்து தோக்கியோ நோக்கி வந்த பேருந்து கன்-எத்சு விரைவுச்சாலையில் ஒலித்தடுப்புச் சுவரில் மோதியது. பேருந்தைச் சுவர் நீளவாக்கில் பிளந்தது. ஏழு பயணிகள் இறந்தனர். தனியாக ஓட்டிவந்த ஓட்டுநர் உறங்கிவிட்டிருந்தார். அந்தப் பயணத் தொலைவோ 670 கிலோமீட்டருக்குக் குறைவானது. அவர் இன்னொரு நிறுவனத்தின் பெயரில் அனுமதியின்றிப் பேருந்துத் தொழில் நடத்திவந்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. 2014இல் அவருக்கு ஒன்பதரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

விபத்து நடந்த மூன்று மாதங்களுக்குள் இரவில் ஒரே ஓட்டுநர் ஓட்டக்கூடிய தொலைவு 400 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தால் மட்டும் 500 வரை அனுமதி உண்டு. 2013 ஆகஸ்டில் சுற்றுலாப் பெயரில் நடந்த நகரிடைச் சேவைகள் வழித்தடப் பேருந்துகளுக்கான சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. 2014இல் வாடகைக்குக் குறைந்தபட்ச அளவும் நிர்ணயிக்கப்பட்டது.

ஆனாலும் 2016 ஜனவரி 15 அன்று கருயிசவா அருகே மலைச்சாலையில் பனிச்சறுக்குப் பயணப் பேருந்து ஒன்று கவிழ்ந்து 15 பேர் இறந்தனர். அவர்களில் 13 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். இம்முறை பேருந்தில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தனர். ஆனால் அப்போது ஓட்டியவருக்குப் பெரிய பேருந்துகளில் போதிய பழக்கம் இல்லை. அந்தப் பயணமும் சட்டப்படியான குறைந்தபட்ச வாடகைக்கும் கீழான தொகைக்கு ஏற்கப்பட்டிருந்தது. வேலைநேர விதி மட்டும் எட்டாத இடம் இது. அவ்வாண்டு இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பாதுகாப்பு ஆணையை மீறும் நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் 10 இலட்சம் யென்னிலிருந்து 10 கோடி யென்னாக உயர்ந்தது.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, பணிகளுக்கிடையே 11 மணிநேர ஓய்வு தர நிறுவனங்கள் முயல வேண்டும். 9 மணிநேரத்துக்குக் குறையவே கூடாது. கட்டாய ஓய்வில் ஒரு மணிநேரம் கூடுவதற்கு 35 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.