பரணில் இருக்கும் சிங்கர்

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து சிங்கர் தையல் மெஷின் இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போடும் முன் அடித்தட்டின் வலப்பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். எஃப், ஜே, ஒய் என்று ஆரம்பித்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. கையில் முழு ரொக்கம் இல்லாதவர்களும் வாங்கும்படி சிங்கர் கம்பெனி 1856-லேயே மெஷினைத் தவணையில் விற்றது. ஈ.எம்.ஐ. எங்கள் பேங்குகள் கண்டுபிடித்ததல்ல!

சுத்தம் செய்ய ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். தங்க நிறப் பூவேலையின் மேல் பூசியிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து, பூவேலையும் போய்விடும். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். சக்கரம் சுற்றாவிட்டால் பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். இறுகிய இடங்களில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு புது எண்ணெய்.