மூன்று பவுன் குடும்பம்

1

'எக்ஸ்பாட்' என்றொரு சொல் இப்போது நம் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. கம்பெனி செலவில் ஆம்ஸ்டர்டாமுக்கோ சிங்கப்பூருக்கோ போய், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், மனைவி வேலைக்குப் போகலாமா, ஊரில் தனியாகக் கிடக்கும் அம்மாவை யார் பார்ப்பது என்று கவலைப்படுகிறவர் எக்ஸ்பாட். துபாயில் சாரம் கட்டுகிறவர் 'லேபர்'. ரெண்டு பேருமே கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள்தாம். ஆனால் முதலாமவர் குடும்பத்தோடு இருக்கலாம். இரண்டாமவருக்கு ஒரு கட்டில், ஒரு போன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வளைகுடா நாடுகளில் இன்ன தொகைக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் குடும்ப விசா என்பது எழுதிவைத்த விதி.

ஆக, நாம் இயற்கையானது என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பம் எல்லையைத் தாண்டியதும் ஓர் அனுமதிச் சீட்டாக ஆகிவிடுகிறது. அயல்நாட்டு வாழ்வின் சிரமங்களைப் பேசுகிறவர்கள் தனிமை, குளிர், மொழி, சாப்பாடு என்று அடுக்குகிறார்கள். அதெல்லாம் நிஜம்தான். அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: யாருக்குக் குடும்பம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்வது யார்? நம்மாட்கள் இந்தக் கேள்வியோடு நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்று உண்டு. நேட்டால்.

2

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் என்று ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தவர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதம் 10 ஷில்லிங் கூலி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி.

தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியிருந்தது கைகள் மட்டுமே. பெண்ணும் குழந்தையும் அவர்கள் கணக்கில் வெட்டிச்செலவு. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அரசாங்கம் சுமத்திய விதி. அந்த எண்ணிக்கையை நிரப்ப ஏஜெண்டுகள் அலைந்தார்கள். புருஷனோடு போனவர்கள் உண்டு. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் என்று தனியாகக் கப்பலேறியவர்களும் உண்டு. கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே சில ஜோடிகள் சேர்ந்துகொண்டன. டிப்போக் கல்யாணம் என்று ஏளனமாகச் சொல்லப்பட்டது இது. சாதி பார்க்க அங்கே யாருக்கு நேரம்? ஊரில் நடந்திருந்தால் வெட்டுக்குத்தில் முடிந்திருக்கக்கூடிய இணைப்புகள் அங்கே ஒரு குமாஸ்தாவின் பேரேட்டில் ஒரு வரியாக முடிந்தன.

இந்தப் பெண்களை வெள்ளை அதிகாரிகள் 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று எழுதினார்கள். பிற்பாடு ஒப்பந்தக் கூலிமுறையை எதிர்த்த நம் தேசியவாதிகளும் 'நம் பெண்களின் மானம்' என்றே பேசினார்கள். இரண்டு சொல்லாடல்களும் ஒரே புள்ளியில் சந்திப்பது கவனத்துக்குரியது. பாதிக் கூலியைப் பற்றி யார் பேசினார்கள்? நேட்டால் வெள்ளைக்காரனுக்கு ஆணெல்லாம் 'சாமி', பெண்ணெல்லாம் 'மேரி'. நம் பெயர்களின் வாலில் இருந்த சாமியை அவன் இப்படித்தான் பிடித்துக்கொண்டான்.

3

ஒப்பந்தம் முடிந்தவன் அங்கேயே காய்கறி போட்டு, மீன் பிடித்து, சின்னக் கடை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தபோதுதான் வெள்ளைக் குடியேறிகளுக்கு உறுத்தியது. கூலி வேண்டும், குடி வேண்டாம். 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுன் வரி. 1903இல் பிள்ளைகளையும் இதில் சேர்த்தார்கள்: 16 வயது ஆன பையன், 13 வயது ஆன பெண்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புருஷன், பெண்டாட்டி, வயது வந்த ஒரு மகன், ஒரு மகள் என்றால் வரி 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தில் ஓர் ஆண் வாங்கிய கூலி மாதம் 14 ஷில்லிங். வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் 168 ஷில்லிங். சம்பாத்தியம் முழுவதையும் கொட்டினாலும் குடும்பமாக இருப்பதற்கான வரியைக் கட்ட முடியாது. வசூலுக்காகப் போட்ட வரியல்ல இது. ஆட்களை மறுபடி தோட்டத்துக்குள் தள்ளுவதற்கான வேலி. 13 வயதில் ஒரு சிறுமி கடன்காரியாகிறாள். அப்பன் மறுபடி கைநாட்டு வைக்கிறான்.

4

1913 மார்ச் 14 அன்று கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் இன்னொரு கத்தியை வீசினார். ஒருவர் இந்தியாவிலிருந்து தன் மனைவியை அழைத்துவருகிறார். கரையிறங்க அனுமதி மறுக்கப்படுகிறது. பலதார மணத்துக்கு இடமளிக்கும் முறையில் நடந்த கல்யாணத்தைக் குடியேற்றச் சட்டம் ஏற்காது என்பது தீர்ப்பு. அதன் தர்க்கப்படி இந்து, முஸ்லிம் கல்யாணங்கள் எதுவுமே அங்கே செல்லாது. மனைவியெல்லாம் வைப்பாட்டி, பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை. காந்தி இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டு பெண்களையும் போராட்டத்துக்கு அழைத்தார்.

இங்கே இரண்டு குடும்பங்கள் இருப்பதைப் பார்க்க வேண்டும். தன் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிக்குக் குடும்பம் என்பது கௌரவம், வாரிசு, சொத்து. கூலிக்கு அது தலைக்கு மூன்று பவுன். பத்து வருஷத்துக்கும் மேலாக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த தலைவர்களின் அரசியலில் முதலாவதுதான் பெரிதாக இருந்தது. வரியை எடுத்துவிடுவதாக 1912இல் அங்கே போன கோகலேயிடம் மந்திரிகள் ஒப்புக்கொண்டதாக அவர் நம்பினார். அரசாங்கம் பின்வாங்கியது. அப்புறம்தான் வரியும் போராட்டக் கோரிக்கை ஆனது.

இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து கைக்குழந்தைகளோடு கிளம்பிய தமிழ்ப் பெண்கள். 1913 அக்டோபரில் அவர்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்ப் பேசினார்கள். சுரங்கத்தார் வேலையை நிறுத்தினார்கள். டிரான்ஸ்வாலில் அந்த மூன்று பவுன் வரி கிடையாது. தங்களுக்கில்லாத வரிக்காக அவர்கள் மூன்று மாதச் சிறைக்குப் போனார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

5

சுரங்கக் குடியிருப்பு முதலாளியுடையது. வேலைநிறுத்தம் என்றதும் தண்ணீரும் விளக்கும் நின்றன. மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக வெளியே வந்தார்கள். நவம்பர் 6 அன்று எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. இரண்டு கைக்குழந்தைகள் செத்துப்போயின. ஒன்று குளிரில்; இன்னொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. இதைக் காந்தியே பதிவு செய்திருக்கிறார். அந்தத் தாய்மார் நின்று அழவில்லை, நடந்தார்கள் என்று வரலாறு பெருமையாகச் சொல்கிறது. நிற்க முடிந்திருக்குமா என்று அது கேட்பதில்லை.

நாலு நாளில் எல்லோரையும் ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, வெள்ளை மேஸ்திரிகளை வார்டர் ஆக்கினார்கள். அதாவது வேலை செய்யும் இடமும் வீடும் சிறையும் ஒன்றே. ஒருவகையில் பார்த்தால் அதுவரை மறைவாக இருந்த உண்மையை அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

6

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது. ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது: குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுத்தால் இந்தியாவுக்கு இலவச டிக்கெட். ஒரு கையால் குடும்பத்தை அங்கீகரித்து மறுகையால் வாசலைக் காட்டுகிற வேலை. 1927 கேப்டவுன் ஒப்பந்தம் இதற்கு விலையும் வைத்தது. பெரியவருக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன்.

அப்படித் திரும்பி வந்தவர்கள் கதை இன்னும் மோசம். 1931இல் பவானி தயாள் சன்னியாசி அவர்கள் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டார். டிப்போவில் சாதி கலந்து அமைந்த குடும்பத்துக்கு ஊரில் எந்தத் தெருவில் இடம்? நேட்டாலில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஊரே அயல்நாடு. வெள்ளைக்காரன் குடும்பமாக ஏற்காததற்கு நிறம் காரணம். நம்மவர்கள் ஏற்காததற்கு? இதை நாம் பேசுவதில்லை.

அங்கேயே தங்கியவர்களை நிரந்தரக் குடிகள் என்று அந்த அரசு ஒப்புக்கொள்ள 1961 வரை ஆனது. ட்ரூரோ போய் 101 வருஷம். அதற்கிடையில் 1953இல் இந்தியாவிலிருந்து மணப்பெண் கொண்டுவரவும் தடை போட்டார்கள்.

வள்ளியம்மையை நமக்குத் தெரியும். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல், 16 வயதில் இறந்துபோனார். தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. அவர் பிறந்ததோ ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவர் குடும்பம் புறப்பட்டுப்போன ஊர். செத்த பிறகு ஊர்ப்பெயர் கொடுத்து உரிமை கொண்டாடுவது நமக்குச் சுலபமாக வருகிறது. உயிரோடு திரும்பி வந்த நேட்டால் குடும்பங்களுக்கு அந்தப் பெயரை நாம் கொடுக்கவில்லை.

கூலி வேண்டும், குடி வேண்டாம் என்ற அந்த விதி இன்று விசாத்தாளில் சம்பள வரம்பாக உட்கார்ந்திருக்கிறது. திருப்பூரிலும் சென்னை மெட்ரோ வேலையிடங்களிலும் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் பீகார்க்காரனுக்கும் ஒடியாக்காரனுக்கும் அதே விதியை நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம். அவன் பெண்டாட்டி எங்கே, பிள்ளை எங்கே படிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நியூகாசிலிலிருந்து நடந்த அந்த 127 பெண்களின் வாரிசாக நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.