கம்பியின் மறுமுனையில் யார்?

பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சடித்துத் தள்ளும் ‘டிக்கர்’ கருவியை 1867-ல் உருவாக்கியவர் எட்வர்ட் கலஹன். நியூயார்க்கில் அந்தக் கருவியை வைத்துத் தொழில் நடத்திய தந்தி கம்பெனியின் தலைவர் வீட்டில் 1871-ல் ஒரு ராத்திரி திருடன் புகுந்தான். கலஹன் அதற்குத் தந்தியிலேயே ஒரு வழி கண்டார். அக்கம்பக்கத்தில் 50 வீடுகளுக்கு ஆளுக்கொரு சிறு பெட்டி. எல்லாப் பெட்டியிலிருந்தும் கம்பி ஒரே அலுவலகத்துக்கு. அமெரிக்க வீடுகளின் முன்புறம் நீல நிற எண்கோணப் பலகையாக நட்டு வைக்கப்பட்டிருக்கும் ஏ.டி.டி. நிறுவனம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இதுதான்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிடலாம். உள்ளே சுருள்வில்லில் ஓடும் ஒரு சக்கரம். அதன் விளிம்பில் வெட்டுகள். ஒவ்வொரு வீட்டுச் சக்கரத்துக்கும் வெட்டு வேறு மாதிரி. கைப்பிடியை இழுத்துவிட்டால் சக்கரம் சுற்றும். வெட்டு வரும்போதெல்லாம் மின்னோட்டம் அறுபடும். அலுவலகத்தில் ஓடும் நாடாவில் அது குறிகளாக விழ, எந்த வீடு கூப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். போலீஸா, தீயணைப்பா, டாக்டரா, குதிரை வண்டியா என்பதை முள்ளைத் திருப்பிச் சொல்லலாம்.

எதைக் கேட்டாலும் முதலில் ஓடி வந்தது பெரும்பாலும் சீருடை போட்ட ஒரு பையன்தான். மாத வாடகை வாங்கியது பெட்டிக்கு. வீட்டுக்காரர் நம்பியது அந்தப் பையனை. 1874-ல் 57 வட்டாரத் தந்தி கம்பெனிகள் ‘அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப்’ (ஏ.டி.டி.) என்ற பெயரில் சேர்ந்தபோது அவற்றின் முதன்மைத் தொழில் திருடனைப் பிடிப்பதல்ல, ஆள் அனுப்புவதுதான். அந்தத் தூதுப் பையன்களை இரவு நேரத்தில் எந்தெந்தத் தெருக்களுக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பது தனிக் கதை. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் விலைமாதர் விடுதி வாசல்களில் தந்திப் பையன்களைப் படம் எடுத்துப் போட்டார். 1910-ல் நியூயார்க் மாகாணம், பெருநகரங்களில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரவுத் தூது வேலை செய்யக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது.

கதவைத் திறந்தால் மணி அடிக்கும் மின் அலாரம் வேறொரு வீட்டுப் பிள்ளை. மாசசூசெட்ஸ்காரர் அகஸ்டஸ் போப் 1853-ல் வாங்கிய காப்புரிமையை எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கித் தொழிலாக்கினார். பலே ஆள் இவர். 1877-ல் கிரகாம் பெல்லின் தொலைபேசி வந்ததும், பாஸ்டனில் அவர் கம்பெனி தன் அலாரக் கம்பிகளிலேயே அதை மாட்டிப் பார்த்தது. பகலில் வங்கிகள் அதில் பேசின. ராத்திரி அதே கம்பி திருடனுக்குக் காவல் நின்றது. தொலைபேசி இணைப்பகம் என்ற ஒன்றுக்கு முன்னோடி திருட்டு அலாரக் கம்பெனிதான் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

ஏ.டி.டி. 1901-ல் தந்தி கம்பெனியான வெஸ்டர்ன் யூனியன் கைக்குப் போனது. 1909-ல் வெஸ்டர்ன் யூனியனே தொலைபேசி கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. கைக்குப் போனது. இடையில் 1907-ல் நடந்ததுதான் முக்கியம். அலாரத் தொழிலில் இருந்தவர்கள், தீயணைப்புத் தெளிப்பான் செய்யும் கிரினெல் கம்பெனியோடு சேர்ந்து நாட்டையே பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். திருட்டு அலாரமும் இரவுக் காவலும் ஏ.டி.டி.க்கு, நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியாவில் தீ அலாரம் இன்னொரு கம்பெனிக்கு, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை. 1954 வரை ஒப்பந்தம் ஓடியது. அது முடிவதற்குள் கிரினெல் ஏ.டி.டி., ஹோம்ஸ் இரண்டையும் சேர்த்து மூன்று போட்டிக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிக் குவித்துவிட்டது.

அரசு வழக்குப் போட்டது. 1966-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ் காட்டிய கணக்குப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கும் மத்திய நிலையக் காவல் தொழிலில் (எல்லாக் கம்பியும் ஒரே அலுவலகத்துக்கு வரும் முறை) 87 சதவீதம் அந்த ஒரே குடையின் கீழ் இருந்தது. போட்டி இருக்கும் ஊரில் ஏ.டி.டி. கட்டணத்தைக் குறைக்கும், போட்டியில்லாத ஊரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஏற்றும். பூட்டு பிடிக்கவில்லையென்றால் கடை மாறலாம். ஊரில் ஒரே ஒரு நிலையம்தான் என்றால் வீட்டுக்காரர் எங்கே போவார்? பங்குகளைக் கைவிடச் சொன்னது நீதிமன்றம். முற்றுரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இது பாடம்.

பிறகு வந்தது வெறும் கைமாற்றம். 1987-ல் மைக்கேல் ஆஷ்கிராஃப்டின் ஹாலி குழுமம், 1997-ல் டைகோ. டைகோவின் தலைவர் டென்னிஸ் கொஸ்லோவ்ஸ்கி, கம்பெனிப் பணத்தைச் சுருட்டிய குற்றத்துக்காக 2005-ல் தண்டனை பெற்றார்; கம்பெனிக் கணக்கில் வாங்கிய 6,000 டாலர் குளியலறைத் திரைச்சீலை அப்போது ஊர்ப்பேச்சு. 2012-ல் ஏ.டி.டி. தனியே பிரிந்தது. 2016-ல் அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 690 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது.

வேலியே பயிரை மேய்ந்த சேதி 2020-ல் வெளியானது. ஒரு வாடிக்கையாளர் தன் கணக்கில் யாருடையதோ மின்னஞ்சல் முகவரி இருப்பதைப் பார்த்துப் புகார் சொன்னார். டல்லாஸ் பகுதியில் கேமரா பொருத்தப் போன ஊழியர் ஒருவர், வீடுகளின் கணக்கில் தன் முகவரியைச் செருகி வைத்திருந்தார். பெண்கள் இருக்கும் வீடுகளாகக் குறித்துவைத்து, நாலரை ஆண்டுகளில் சுமார் 200 கணக்குகளுக்குள் 9,600 தடவைக்கு மேல் நுழைந்து படுக்கையறை வரை பார்த்திருக்கிறார். 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 52 மாதச் சிறை.

சேதி வெளியான சில மாதங்களில், 2020 ஆகஸ்டில், கூகுள் ஏ.டி.டி.யில் 45 கோடி டாலர் போட்டது. தன் ‘நெஸ்ட்’ கேமராக்களை வீடு வீடாகப் போய்ப் பொருத்த அதற்கு ஆள் தேவைப்பட்டது.

(தொடரும்)