பதவியில் இருந்தது மூன்றரை ஆண்டுதான்

வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராக இருந்தபோது, ஒரு நிலத் தகராறுக்காகப் பழைய இனாம் பதிவேட்டைப் புரட்ட வேண்டி வந்தது. கோயில் மேளக்காரர், விளக்கேற்றுபவர், மாலை கட்டுபவர் என்று வரிசையாக ஊழிய மானியங்கள். நடுவில் ஒரு பெண்ணின் பெயர். எதிரே 'தாசி ஊழியம்' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் இருந்த ரிக்கார்டு கிளார்க் சொன்னார்: "பொட்டுக் கட்டி கோயில்ல ஆடுற வரைக்கும்தான் தம்பி அந்த நிலம். நிறுத்தினா நிலமும் போயிடும். அதனால வீட்டுக்கு ஒரு பொண்ணைக் கட்டிவிட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த முடிச்சை அவுத்தது முத்துலட்சுமி ரெட்டி அம்மா."

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். சட்டசபையில் அவர் என்ன செய்தார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆகவே இந்தப் பிரச்சினை அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926 தேர்தலில் மங்களூர்ப் பக்கம் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய கொஞ்ச வாக்குகளில் தோற்றுப்போனார். பிறகு பெண்கள் அமைப்புகளின் முயற்சியால் முத்துலட்சுமி சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மேலவை, கீழவை என்ற பிரிவெல்லாம் அப்போது கிடையாது. கவுன்சில் என்ற ஒரே சபைதான். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1927இல் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று அதே 1927இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்து அவர் கை வைத்த இடம்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. நேராகத் தடை என்று போகாமல், முதலில் நிலத்தைப் பிடித்தார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. மானிய நிலம் ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்படும். கோயிலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்தப் பெண் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பெண்ணைப் பொட்டுக் கட்டாவிட்டால் சோறு போய்விடும் என்ற பயத்தை அது எடுத்துவிட்டது. பட்டா, கிஸ்தி என்று வாழ்ந்தவனுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசபக்தர்களே எதிர்த்தார்கள். தேவதாசிகளிலும் பலர் எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்கள் கலையும், எங்கள் பெண்களுக்கு இருக்கும் சொத்துரிமையும் என்ன ஆவது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு முழுப் பதில் அந்தச் சட்டத்தில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பேசினார். ஆக, ஒரே சமூகத்துக்குள்ளேயே இரண்டு குரல்கள்.

1930இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மசோதா அப்படியே நின்றுபோனது. ஓமந்தூரார் முதல்வராக இருந்த 1947இல்தான் அந்தத் தடை சட்டமானது. பதினேழு வருஷம்! அவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டினார்களோ! ஆனால் காந்தியைச் சிறையில் வைத்த அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பது என்ற அவர் சங்கடமும் எனக்குப் புரிகிறது.

பதவி போனாலும் வேலையை விடவில்லை. 1930இலேயே, போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகளுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1956இல் பத்மபூஷண் கிடைத்தது. 1968இல் காலமானார். இன்று கர்ப்பிணிகளுக்கு நம் அரசு தரும் உதவித்தொகைத் திட்டத்துக்கு அவர் பெயர்தான்.

சட்டசபையில் அவர் இருந்தது சுமார் மூன்றரை ஆண்டு. ஐந்து முறை ஜெயித்தும் தொகுதிக்கு ஒரு நல்லது செய்யாதவர்களை என் சர்வீசில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், விடுங்கள்.

அந்தப் பதிவேட்டில் இருந்த பெண்ணின் பெயர் இப்போது மறந்துவிட்டது. அவர் வீட்டுக் குழந்தைகள் இந்நேரம் எங்கேயாவது டீச்சராகவோ நர்ஸாகவோ இருப்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.