விலாசமும் மகமையும்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி இனிப் பணம் கொடுக்க இயலாது என்று கையை விரித்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் லண்டனில் அதன் கூட்டாளி நிறுவனத்தை நடத்திவந்த பாட்ரிக் மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சென்னையில் அதன் கடன்காரர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். பென்ஷன் பணத்தைப் போட்டுவைத்த குமாஸ்தாக்கள், கணவனை இழந்த பெண்கள், வக்கீல்கள், ஜமீன்தார்கள் என்று எல்லாத் தரப்பினரும் அதில் இருந்தார்கள். ஒரு ரூபாய் அரிசிக்கும் குழம்புக்கும் பல நாள் வந்த காலம் அது.

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று குறிப்பு எழுதும்போது முதல் பக்கத்தில் அதன் தலைவரைப் பற்றி எழுதியாக வேண்டும்: எந்தக் குடும்பம், எங்கே படித்தார், இதுவரை என்ன நடத்தினார், ஊரில் என்ன பெயர், என்ன தர்மம் செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தை எழுதும்போதெல்லாம் அர்பத்நாட்டில் பணம் போட்டவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்கள் ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் பணம் போட்டார்கள்.

கிடைத்த பதில்களும் நன்றாகத்தான் இருந்தன. கம்பெனிக்கு வயது நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. அர்பத்நாட் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் 1872இல் சில மாதம் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவே இருந்திருக்கிறார். கம்பெனியை நடத்திய ஜார்ஜ் அர்பத்நாட் சர் பட்டம் பெற்றவர். சென்னையில் பெரிய கம்பெனி என்றால் பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். பின்புலம், அந்தஸ்து, நகரத்தில் மரியாதை எதிலும் குறையில்லை. ஆனால் கணக்கை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அது நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம். வரவு செலவை அச்சிட்டு வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. லண்டனில் மக்ஃபேடியன் எதில் பணத்தைப் போடுகிறார் என்பது மயிலாப்பூர்க்காரருக்குத் தெரிய ஒரு வழியும் இருக்கவில்லை. வழக்கு நடந்து சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

அதே காலத்தில், சென்னைக்குத் தெற்கே இன்னொரு கூட்டம் இதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடல் கடந்து கொண்டுவிற்றவர்கள், அதாவது வட்டிக்கடை வைத்தவர்கள். அவர்களும் பிறர் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களிடமும் ஜனங்கள் ஆளைப் பார்த்துத்தான் பணம் போட்டார்கள். ஆனால் ஆளைப் பார்க்கும் முறை வேறாக இருந்தது. அதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் கேட்டுவிட்டேன். என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை.

முதலில் விலாசம். தாத்தா, அப்பா, தன் பெயர் இவற்றின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்தால் அது ஒரு கடையின் பெயர். ரங்கூனில் ஒரு உண்டியலின், அதாவது பணம் மாற்றும் சீட்டின், மேல் அந்த எழுத்துகளைப் பார்த்தவுடன் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீட்டுப் பிள்ளை என்று நகரத்தாரில் யாரும் சொல்லிவிடுவார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று தொடங்கும் ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் ஒவ்வொருவரும் இருப்பார். பையன் நொடித்தால் தாத்தாவின் எழுத்தும் சேர்ந்து நொடிக்கும். ஒரு விலாசத்தின் கீழ் கடை வைத்தவன், இறந்துபோனவர்களின் பெயரையும் அடகு வைத்துத்தான் கடை வைத்தான்.

அடுத்தது மகமை. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு பழைய பேரேட்டைக் காட்டினார். நீளவாக்கில் தைத்த கனத்த ஏடு. மேலே உ போட்டு, சிவமயம் என்று எழுதி, முதல் கணக்கு பிள்ளையார் பெயரில் இருந்தது. மனிதர்களுக்குப் பற்று வரவு எழுதுவது போலவே பிள்ளையாருக்கும் பற்று வரவு. கொடுக்கல் வாங்கலில் சிறு தொகை மகமை என்று அவர் கணக்கில் வரவாகும். அதற்கு வட்டியும் ஏறும். எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். எனக்கு ௧, ௨ வரைதான் படிக்கத் தெரிந்தது. “இதுல தப்பு எழுதினா சாமிக்குத் தெரியுமாப்பா?” என்று கேட்டேன். “சாமிக்குத் தெரியுறது இருக்கட்டும். பங்காளிக்குத் தெரியும், அதுதான் பெருசு” என்றார் அப்பா.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் கடன் பிரிவுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நகரக் கோயில்களுக்கு இரண்டு விதமாக வரி எழுதுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சமமாகப் போடுவது புள்ளி வரி. அவரவர் சொத்துக்குத் தக்கபடி போடுவது ஆஸ்தி வரி. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆஸ்தியைக் குறைத்துச் சொன்னால் வரி குறையும். ஆனால் ஊரில் மதிப்பும் குறையும், நாளை கைமாற்று கேட்டால் கிடைக்காது, பெண் கேட்டு வருகிறவர்களும் யோசிப்பார்கள். கூட்டிச் சொன்னால் மதிப்பு ஏறும். ஆனால் கையிலிருந்து ரொக்கம் எண்ணி வைக்க வேண்டும், வருடா வருடம். எந்தப் பக்கம் பொய் சொன்னாலும் விலை உண்டு. வரி எழுதும் இடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் அதே ஊரில் அதே தொழில் செய்கிற பங்காளி. யாருக்கு ரங்கூனில் எவ்வளவு ஓடுகிறது, யாருடைய உண்டியல் திரும்பி வந்தது என்று அறிந்தவர். ஒரு பணக்காரரின் தர்மத்தை வைத்து அவருடைய முதலை அளக்க இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பணம் போட வரும் விதவைத் தாய்மார்கள்கூட வட்டியை இரண்டாவதாகத்தான் விசாரிப்பார்களாம். “எந்த வீட்டு விலாசம்? கோயில் வரி பாக்கி நிக்குதா?” இதுதான் முதல் கேள்வி என்று அப்பா சொல்வார். பாக்கி நின்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தர்மம் ஊரோடு நிற்கவில்லை. காசியில் 1863இல் நிறுவிய நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள்கள் எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றுவரை உண்டு. பழனிக்கு உப்பு வியாபாரம் செய்யப் போன குமரப்பன் என்பவர் லாபத்தில் முருகனுக்குப் பங்கு வைத்ததிலிருந்துதான் தைப்பூசக் காவடி தொடங்கியதாக நகரத்தார் சொல்வார்கள். தெய்வத்தைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்ட வியாபாரம்.

கோயில் வெறும் கொடுக்கிற இடமாகவும் இருக்கவில்லை. ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்களின் கோயில் இருந்தது. ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி இரவு கடைக்காரர்கள் அங்கே கூடி அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுத்து வாங்க அதுதான் விகிதம். தவணை வட்டியும் அதை ஒட்டித்தான். 1930 வாக்கில் பர்மா முழுவதும் இருந்த செட்டியார் கடைகள் ஏறக்குறைய 1,650 என்று அங்கே நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அத்தனை கடைகளின் வட்டியும் அந்தக் கோயில் கூடத்தை ஒட்டியே நடந்தது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் அவசரமாகப் பணம் கேட்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு இரவில் வெளியாகிவிடும். இன்றைய பங்குச் சந்தை ஆய்வாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் நிறுவனத் தலைவரைக் கேள்வி கேட்கிறார்கள். மொகல் தெருவில் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை, நேருக்கு நேர்.

முதலாளியின் திறமையை எப்படி அளந்தார்கள்? அவர் ஊரில் இருப்பார். கடை கடல் தாண்டி நடக்கும். நடத்துகிறவர் மேலாள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளானவர். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறுவார். திரும்பி வரும்போது ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஆகவே, முதலாளியின் சாமர்த்தியம் அவர் எப்படிப்பட்ட மேலாளை அனுப்பினார் என்பதில் தெரிந்தது. அதே மேலாள் மறுகணக்குக்கும் அதே வீட்டுக்குப் போனாரா என்று ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்த்த காலத்திலும் ஒரு நிறுவனத்தின் நிதி அதிகாரி அடிக்கடி மாறினால் என் பேனா அங்கே நின்றுவிடும்.

சென்னைக்குத் திரும்புவோம். அர்பத்நாட் விழுந்த சூட்டிலேயே, பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் நாமே ஒரு வங்கி தொடங்குவோம் என்று புறப்பட்டார். 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவாயிற்று. ஆகஸ்ட் 15 அன்று கதவைத் திறந்தது. ஊரே சூடுபட்டிருந்த நேரத்தில் ஜனங்கள் இவரை நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவர் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று மயிலாப்பூரில் நடந்து போகிறவர் யாரும் பார்க்கலாம். ரானடே நூலகம், வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை, சமஸ்கிருதக் கல்லூரி, மூன்றும் 1904க்கும் 1906க்கும் இடையில் அவர் முயற்சியில் எழுந்தவை. இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அவர் மிதவாதி, பாரதி தீவிரவாதி. அரசியலில் எதிரெதிர்த் துருவம். ஆனாலும் பாரதியின் பாடல்களைக் காதாரக் கேட்டுவிட்டு, அவற்றில் சிலவற்றைத் தன் செலவில் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். எதிராளிக்கும் பணம் செலவழித்த மனிதர் என்பதை ஒரு வங்கியின் கடன் குறிப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியிருந்தால் முதல் வரியாக எழுதியிருப்பேன்.

வங்கியில் வக்கீல்களோடு நகரத்தாரும் சேர்ந்தார்கள். பின்னாளில் ராஜா பட்டம் பெற்ற அண்ணாமலைச் செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியார் தொடக்கத்திலேயே இயக்குநர். விலாசம் பார்க்கத் தெரிந்த பணமும், சட்டப்படி அச்சிட்ட கணக்கும் அங்கே ஒன்று சேர்ந்தன. இது பங்குதாரர்களுடைய கம்பெனி. வருடம் முடிந்தால் ஐந்தொகையை அவர்கள் முன் வைத்தே ஆக வேண்டும்.

நகரத்தார் முறையை நான் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று தோன்றலாம். அதன் குறையும் பெரிது. பங்காளிகள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நெல்லை நம்பியிருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. 1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது பர்மாவில் நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 பங்கு. அவர்களுக்கு வேண்டியது நிலம் அல்ல, பணம். பணம் நிலமாக உறைந்துபோய், பிறகு யுத்தத்திலும் அதன் பின்னும் அதுவும் போயிற்று. கோயில் வரி பாக்கியில்லாமல் கட்டிய வீடுகளும் அதில் நொடித்தன. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவர், மொகல் தெருக் கூட்டத்தில் ஒரு நாளும் உட்கார்ந்தவரில்லை. காசிக்கும் பழனிக்கும் போன தர்மத்தில் அவர் வட்டியும் கலந்திருந்தது. அவருடைய ஊருக்கு என்ன திரும்பியது என்ற கேள்வியை அந்த முறை கேட்கவே இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துகளைக் காரைக்குடிக்காரர் படிப்பார். மற்றவர்களுக்கு ஆண்டறிக்கைதான்.

என் அப்பா கடைசிக் காலம் வரை அந்த ஆண்டறிக்கைகளைப் பின்னாலிருந்துதான் படிப்பார். முதலில் யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள், பிறகு வாராக்கடன், பிறகு இயக்குநர்களின் பெயர்கள். தலைவர் உரையைப் புரட்டிவிடுவார். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றாயிற்று. அறிக்கையில் அதற்கென்று தனிப் பகுதி. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. நான் பார்க்கிறேன். பள்ளிக்கூடம், மருத்துவ முகாம், குளம் தூர்வாரல் என்று படங்களோடு இருக்கும். படங்களை விட்டுவிட்டு எந்த ஊர், எவ்வளவு, யார் மூலமாக என்ற மூன்று விவரத்தையும் குறித்துக்கொள்வேன். அந்த ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.