ஓடும் ஒலியும் தேக்கும் உரிமையும்

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை 11-ஆம் பயஸ், மார்க்கோனி நிறுவித்தந்த நிலையத்திலிருந்து இலத்தீன் மொழியில் உலகோரை விளித்துப் பேசினார். வத்திக்கான் வானொலி அன்று பிறந்தது. அவ்வலையைக் காற்றிலிருந்து வாங்கியவரின் பெட்டி எந்த நிறுவனம் செய்தது என்று எவரும் கேட்கவில்லை. அலைவரிசை பொருந்தினால் போதும். ஏழையின் பெட்டியும் செல்வரின் பெட்டியும் ஒரே குரலில் பேசின. பிற்காலத்தில் ஒலிநாடாக் கருவி வந்தபோது, விரும்பிய உரையைப் பதிந்து வைத்துக்கொள்வதும் எளிதாயிற்று. யாருடைய பெட்டியிலும் கேட்கலாம், கேட்டதை வைத்துக்கொள்ளலாம் என்னும் இவ்விரு எளிமைகளும், ஒலி கணிப்பொறிக்குள் புகுந்தபோது அரிதாகிப் போயின.

இணையத்தின் தொடக்க நாட்களில் ஒலி என்பது முழுக் கோப்பாகவே வந்தது. 1993-இல் கார்ல் மலமூத் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய 'இன்டர்நெட் டாக் ரேடியோ' அவ்வாறு அனுப்பப்பட்டதே. கோப்பு முழுவதும் வந்து சேர்ந்த பின்னரே கேட்க இயலும். குறுந்தட்டின் தரத்தில் அமைந்த ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட்டு. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 14,400 பிட்டுகளைக் கடத்திய மோடம், அந்த ஒரு நிமிடத்தைக் கொணர ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளும்!

1995 ஏப்ரலில் சியாட்டில் நகரத்து புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம், ராப் கிளேசரின் தலைமையில் 'ரியல் ஆடியோ'வை வெளியிட்டது. மனிதக் குரலுக்கு இன்றியமையாதவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கி ஒலியைச் சுருக்கினர். சுருக்கிய ஒலி சிறுசிறு பொட்டலங்களாக வரும். வந்தவற்றைச் சில நொடிகள் தேக்கி வைத்துக்கொண்டு, ஒருபுறம் ஒலித்துக்கொண்டே மறுபுறம் வாங்கும். கிணற்று நீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டியில் சிறிது நிறைந்திருந்தால் வாய்க்கால் வற்றுவதில்லையே, அதே முறை. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சியாட்டில், நியூயார்க் அணிகள் ஆடிய பேஸ்பால் ஆட்டம் ஒன்று இவ்வழியே நேரலையாக ஒலித்தது. ஒலித்தரம் தொலைபேசியைச் சற்றே விஞ்சியது, அவ்வளவே.

ஆயினும் இந்தச் சுருக்குமுறை ஒரு நிறுவனத்தின் இரகசியம். அந்நிறுவனம் தந்த மென்பொருள் இருந்தால்தான் ஒலி விரியும். மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் தத்தம் முறைகளோடு களத்தில் இறங்கின. மூன்று நிலையங்களைக் கேட்க மூன்று மென்பொருள்கள் வேண்டியிருந்தன. விண்டோஸ் கணிப்பொறிக்கு எளிதாகக் கிட்டியது மக்கின்டோஷுக்குத் தாமதமாயிற்று. லினக்ஸ் வைத்திருந்தவர் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றார். 2000-இல் ஹங்கேரியில் தோன்றிய 'எம்பிளேயர்' என்னும் கட்டற்ற மென்பொருள், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விரிப்பான்களையே லினக்ஸில் இயக்கிக் காட்டியது. ஓடிவரும் ஒலியை ஒலிக்காமல் அப்படியே கோப்பில் இறக்கிவைக்கும் கட்டளையும் அதில் இருந்தது.

பதிவு செய்வதில்தான் வழக்கே எழுந்தது. ரியல் ஆடியோக் கோப்புகளில் 'படி எடுக்கலாம்' அல்லது 'எடுக்கலாகாது' என்று உரிமையாளர் குறிக்கும் ஒரு குறி உண்டு. நிறுவனத்தின் மென்பொருள் அதற்குப் பணியும். ஸ்ட்ரீம்பாக்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கிய பதிவு மென்பொருளோ, தானே ரியல் பிளேயர் என்று அனுப்பும் கணிப்பொறியை நம்பவைத்துக் குறியைப் பொருட்படுத்தாமல் படி எடுத்தது. 2000 ஜனவரியில் சியாட்டில் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு வடிவத்தை வேறு வடிவமாக மாற்றும் அவர்களது மற்றொரு மென்பொருளை மட்டும் தடுக்கவில்லை.

ஸ்ட்ரீம்பாக்ஸ் தன் துணைக்கு அழைத்தது 1984-இன் சோனி வழக்கை. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பின்னர் காண்பது குற்றமாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்திருந்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஃபிரெட் ராஜர்ஸ் அவ்வழக்கில் சாட்சியம் அளித்தவர். பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர். குடும்பங்கள் தம் நிகழ்ச்சியைப் பதிந்து வசதியான வேளையில் காண்பதை அவர் வரவேற்றார். அவரைப்போல் இசைவு தருவோர் அங்கே பலர். இங்கோ உரிமையாளர்கள் குறியிட்டே மறுத்திருக்கிறார்கள் என்று சியாட்டில் நீதிமன்றம் வேறுபடுத்தியது. சட்டத்தின் நோக்கில் அது முறையே. கலைஞனின் கூலி காக்கப்பட வேண்டியதுதான். எனினும் கேட்பவனின் நினைவுக்கும் சிறிது இடம் விட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிறைப்பட்டோரையும் காணாமற்போனோரையும் பற்றி 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட செய்திகளை வத்திக்கான் வானொலி ஒலிபரப்பியது. அவற்றுள் தன் மகனின் பெயரைக் கேட்ட தாய், அதனை மறுபடியும் கேட்க விரும்பியிருக்க மாட்டாளா?

கதவுகள் பின்னர் மெல்லத் திறந்தன. யாரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க 'வோர்பிஸ்' 2002-இல் முழுமை பெற்றது. எம்பி3-இன் காப்புரிமைகள் 2017-இல் முடிவுற்றன. 2000-இல் பிரெஞ்சு நாட்டவர் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் கட்டற்ற மென்பொருள், பழைய ரியல் ஆடியோக் கோப்புகளையும் எந்தக் கணிப்பொறியிலும் விரித்துத் தருகிறது.

ஆனால் கோப்பு கையில் இருக்க வேண்டுமே! அந்நாளில் உரையைச் சேமித்துவிட்டதாக நம்பிப் பலர் வட்டுகளில் வைத்திருந்தது 'ராம்' என முடியும் சிறு கோப்பு. இன்று அதைத் திறந்தால் உள்ளே ஒலி இல்லை. ஒரே ஒரு வரி இருக்கிறது. அது, எப்போதோ அணைக்கப்பட்டுவிட்ட ஒரு கணிப்பொறியின் முகவரி.