பரிணாமக் கொள்கையும் நம் பொதுவாழ்வும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு இருக்கிறது. பெயருக்கு ஏற்ற ஆறு. நீரைக் காட்டிலும் கல்லே மிகுதி. யானைக் கன்று படுத்திருப்பது போன்ற பாறைகளும், உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கற்களும் படுகை முழுதும் பரந்து கிடக்கின்றன. இந்த மலையின் பாறைகள் இன்றைய உருவம் பெற்று 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின என்பது நிலநூலார் கணக்கு.

சென்ற மழைக்காலத்தில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, நம் தமக்கையாரின் பேரன் உடன் வந்திருந்தான். பத்தாம் வகுப்பு மாணவன். அந்தி வேளையில் புதர்களிலிருந்து புதர்த்தவளைகளின் ஒலி எழுந்தது. இந்த இனத் தவளை ஒன்றுக்கு 2005-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் பொன்முடியின் பெயரையே இட்டனர். இவை முட்டையிடக் குளத்தைத் தேடுவதில்லை. தலைப்பிரட்டைப் பருவமும் இவற்றுக்கு வெளியே இல்லை; முட்டையை விட்டு வரும்போதே நகத்தளவுத் தவளையாக வருகின்றன. இதைச் சொன்னதும் பையன், "மத்தத் தவளைக்கெல்லாம் முதல்ல வால், அப்புறந்தானே கால்? இது மட்டும் எப்படித் தாத்தா மாறிச்சு?" என்று கேட்டான். "உன் பாடப்புத்தகத்தில் இருக்குமே" என்றோம். "மரபுவழிப் பண்பு இருக்கு. இது இல்லை" என்றான். வீடு திரும்பியதும் அவனுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது மெய்.

அந்தப் பாடம் இல்லாமற்போனது அண்மைக் காலத்துச் செய்தி. பரிணாமக் கொள்கை இந்நாட்டுப் பொதுவாழ்வில் புகுந்த வரலாறோ நீண்டது. முதலில் அதைக் காண்போம்.

திருவனந்தபுரத்தில் அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை 1857-ல் தொடங்கப்பெற்றது. வானிலை ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஜான் ஆலன் பிரவுன் அதன் முதல் தலைவர். இரண்டே ஆண்டுகளில், 1859-ல், சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் இலண்டனில் வெளிவந்தது. உயிர்கள் தனித்தனியே படைக்கப்பட்டு மாறாமல் நின்றவை அல்ல. தலைமுறைதோறும் பிறக்கும் சிறுசிறு வேறுபாடுகளில் சூழ்நிலைக்கு உகந்தவை நிலைத்துப் பெருக, ஏனையவை அருக, நெடுங்காலத்தில் புது இனங்கள் கிளைக்கின்றன என்பது அந்நூலின் சாரம். மனிதனையும் அந்தக் கிளைமரத்தில் ஒரு கிளையாக 1871-ல் அவர் வைத்தார்.

மேனாட்டில் இதனால் எழுந்த பூசலை நாம் அறிவோம். 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்து டேட்டன் என்னும் சிற்றூரில், பரிணாமத்தைக் கற்பித்த குற்றத்துக்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவரை வெறும் மூடநம்பிக்கையாளர் என்று நம் பத்திரிகைகளில் எழுதிவிடுவது வழக்கம், அது நியாயமன்று. 1906-ல் இந்தியாவுக்கு வந்து ஆங்கில ஆட்சியைக் கண்டித்து எழுதியவர் அவர். வலியவன் எளியவனை மிதிப்பதற்கு டார்வினின் பெயர் உதவுமே என்பது அவருடைய அச்சங்களுள் ஒன்று. குடிகளைத் தரம் பிரித்துச் சிலரைப் பிள்ளை பெறாமல் தடுத்த சட்டங்கள் அதே அமெரிக்காவிலும், பின்னர் ஜெர்மனியிலும் செய்த கொடுமையை நோக்கினால், அந்த அச்சம் முற்றும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு மருந்து பாடத்தை நீக்குவது என்று அவர் கருதியதே பிழை.

நம் நாட்டில் கேள்வி வேறிடத்தில் பிறந்தது. கடவுள் ஆறு நாளில் படைத்தாரா என்பது இங்கே யாரையும் உறங்கவிடாத கேள்வியாக இருக்கவில்லை. பிறப்பினால் மனிதர் வேறுவேறு இனத்தவரா என்பதே இங்கே உயிர்க்கேள்வி. அதிலும் திருவிதாங்கூரில், ஒருவன் இன்னொருவனுக்கு எத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் கற்றுத் தேறியும், ஈழவர் என்பதால் சொந்தச் சமஸ்தானத்தில் வேலை பெற இயலாமல் மைசூருக்குச் சென்று பணி செய்தார். பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க முனைந்தபோது பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. ஒரு சிறுமி பெஞ்சில் உட்காருவதைப் பொறுக்காமல் பெஞ்சையே எரித்த ஊரில், மனிதர் யாவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்பது உயிர்நூற் செய்தியாக மட்டும் நின்றிருக்க முடியாது.

டார்வினைப் படித்துத்தான் இங்கே சாதி எதிர்ப்புத் தோன்றியது என்று நாம் சொல்லவில்லை. ஸ்ரீ நாராயண குரு 1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியில் அருவிப்புறத்தில் நெய்யாற்றில் கிடந்த ஒரு கல்லை எடுத்துச் சிவமாக நிறுவினார். கல்லாறு பிறக்கும் மலைத்தொடரிலேயே பிறப்பது அந்த ஆறும். அவர் துறவி, வேதாந்தி. எனினும் ஜாதியைப் பற்றிய தம் பாடல்களில் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் வியக்கத்தக்கது: கூடி மகவு ஈனும் உயிர்கள் ஓரினமே என்ற இயற்கை உண்மையை வைத்தே மனிதருள் இனப்பிரிவு இல்லை என்று அவர் வாதித்தார். 1942-ல் எர்ன்ஸ்ட் மையர் என்னும் உயிர்நூலறிஞர் இனம் என்பதற்குத் தந்த இலக்கணமும் ஏறக்குறைய இதையே அடிப்படையாகக் கொண்டது. குரு 1928-ல் மறைந்துவிட்டார்.

குருவின் சீடர் சகோதரன் அய்யப்பன் ஒருபடி மேலே சென்றார். 1917-ல் செறாயியில் புலையரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு ஊரின் பகையைத் தேடிக்கொண்ட அவர், சாதியோடு மதமும் கடவுளும் வேண்டா என்றார். 1929-ல் 'யுக்திவாதி' என்ற மலையாள இதழ் தொடங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் அதே பணியைச் செய்தவர் ம. சிங்காரவேலர். 1925-ல் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்த அவர், 'குடி அரசு' ஏட்டிலும், 1935-ல் தாம் தொடங்கிய 'புது உலகம்' ஏட்டிலும் விஞ்ஞானக் கட்டுரைகளை இடைவிடாது எழுதினார். கல்லூரி வாயிலை மிதியாத தொழிலாளிகள் பலர் டார்வினின் பெயரை முதன்முதலில் அறிந்தது இத்தகைய ஏடுகளின் வாயிலாகவே. இங்கே பரிணாமம் ஒரு படைக்கலமாகவே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. நாத்திகத்தை ஏற்றால்தான் பரிணாமத்தை ஏற்க முடியும் என்ற எண்ணம் இருபக்கத்தாரிடமும் வேரூன்றிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையோ, 1950-லும் 1996-லும் போப்பாண்டவர்கள் வெளியிட்ட கருத்துரைகளில், ஆன்மாவைத் தனியே நிறுத்திக்கொண்டு, உடல் தோன்றிய ஆராய்ச்சிக்கு வழிவிட்டது.

இந்து சமயப் பெரியோர் சிலர் வேறொரு வழி கண்டனர். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், குறளன் என வரும் தசாவதாரம் பரிணாமப் படிகளையே குறிக்கிறது என்று 1877-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரும், 1882-ல் கேசவசந்திர சேனரும் எழுதினர். ஆங்கிலேயரின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த நாட்டில் இது தலைநிமிரச் செய்யும் விளக்கமாக இருந்தது. அன்று அதைச் சொன்னவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் அவதாரம் என்பது அறம் காக்கும் நோக்கத்தோடு இறைவன் இறங்கி வருவது. டார்வினின் கொள்கையிலோ நோக்கம் என்பதற்கே இடமில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் புராணத்தின் பக்திச் சுவையும் கெடும், விஞ்ஞானத்தின் சோதனை முறையும் கெடும். 2019 ஜனவரியில் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் மேடையிலேயே ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரமே சிறந்த கொள்கை என்று பேசியபோது, பழைய ஆறுதல் மொழி புதிய அதிகார மொழியாகிவிட்டதைக் கண்டோம்.

விஞ்ஞானத்தை அரசியல் வளைப்பது ஒரு கட்சிக்கே உரிய குற்றமும் அன்று. சோவியத் நாட்டில் லைசென்கோவின் தவறான மரபியல் 1948-ல் அரசின் கொள்கையாயிற்று. உலகப் புகழ்பெற்ற தாவர அறிஞர் வவிலோவ் 1943-லேயே சிறையில் மாண்டிருந்தார். பொதுவுடைமையாளராக விளங்கிய ஜே. பி. எஸ். ஹால்டேன் இச்சர்ச்சையில் பெரிதும் இடர்ப்பட்டார். 1957-ல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

ஹால்டேன் வந்த அதே 1957-ல் கேரளத்தில் முதல் கம்யூனிஸ்டு மந்திரிசபை அமைந்தது. ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதா, பள்ளிகளை நடத்திய திருச்சபையையும் நாயர் சமூக அமைப்பையும் எதிரணியில் ஒன்று சேர்த்தது. 1959 ஜூலை 31-ல் மந்திரிசபை நீக்கப்பட்டது. அந்தப் போர் பள்ளியின் உடைமையையும் ஆசிரியர் நியமனத்தையும் பற்றியது. அரைநூற்றாண்டுக்குப் பின்னர் எழுந்த பூசலோ ஒரே ஒரு பாடத்தைப் பற்றியது. 2008-ல் ஏழாம் வகுப்புச் சமூகப் பாடநூலில் 'மதமில்லாத ஜீவன்' என்ற பகுதி வந்தது. கலப்புமணத் தம்பதியர் மகனைப் பள்ளியில் சேர்க்க வருகின்றனர். தலைமையாசிரியர் மதம் என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை என்கின்றனர். வளர்ந்தபின் விரும்பினால் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்பது அவர்கள் விடை. பையனின் பெயர் ஜீவன். இது நாத்திகப் பிரசாரம் என்று கிறிஸ்தவ, முஸ்லிம், இந்து அமைப்புகள் பலவும் எதிர்த்தன. பாடநூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர் கூட்டம் ஒன்று தாக்கப்பட்டு, ஓர் ஆசிரியர் உயிரிழந்தார். வரலாற்றாசிரியர் கே. என். பணிக்கர் தலைமையிலான குழுவின் யோசனைப்படி பாடம் திருத்தப்பட்டது. பெற்றோரின் கவலையை நாம் இகழவில்லை. தம் குழந்தைக்கு எது கற்பிக்கப்படுகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பதற்கும் கொளுத்துவதற்கும் உள்ள தூரத்தை ஊரூட்டம்பலம் முன்னரே அறிந்திருந்தது.

2018 ஜனவரிக்கு வருவோம். மத்திய அரசில் கல்வித் துறையின் துணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. அத்துறையின் மூத்த மந்திரியே இத்தகைய பேச்சைத் தவிர்க்கும்படி அவரிடம் கூறினார். அதே மாதம், குடியரசு நாளின் முதல் நாள், பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் கல்லாற்றைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாளின் பெயர் வந்தது. காணி குலத்தவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே செய்யவல்லவர் என்று பெயர் பெற்றவர்.

இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக்கி, பழைமையை மதிப்பதென்றால் டார்வினை மறுக்க வேண்டும் என்று பேசினோரும் உண்டு. காணிகளின் அனுபவமே அதற்கு விடை. 1987-ல் அகத்தியர் மலைக்காட்டில் ஆராய்ச்சியாளருடன் சென்ற காணிகள் களைப்புத் தீர மென்ற சிறு காய்களைக் கண்டு, பாலோட்டுத் தாவரத் தோட்டத்து விஞ்ஞானிகள் அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியைச் சோதித்து 'ஜீவனி' என்ற மருந்தை ஆக்கினர். 1995-ல் உரிமை கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டபோது வருவாயில் ஒரு பங்கு காணிகளுக்கும் வகுக்கப்பட்டது. காட்டறிவு சோதனைக்கு அஞ்சவில்லை.

எதிர்ப்பினால் 2018-ல் நின்றது, ஓசையின்றிப் பின்னர் நடந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பெருந்தொற்றுக்குப் பின் மாணவர் சுமையைக் குறைப்பதாக 2022-ல் அறிவித்தது. அதன்படி, பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலின் 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபுவழி' ஆயிற்று. 2023 ஏப்ரலில் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு, அதைத் திரும்பச் சேர்க்க வேண்டினர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது விரிவாக உள்ளதே என்பது விடை. அந்த விடையில் பொய்யில்லை. தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடமாகவே அமைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நம் பையன் படிப்பது மத்தியப் பாடத்திட்டம்.

கல்லாற்றங்கரையில் அன்று இருட்டும்வரை இருந்தோம். முட்டைக்குள்ளேயே அந்தத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் எவ்வாறு கழிந்துவிடுகிறது என்றும், குளமில்லாத மலைச்சரிவில் அது எவ்வளவு பயன்படும் என்றும் நமக்குத் தெரிந்த மட்டில் சொன்னோம். கூர்ந்து கேட்டான். திரும்பும் வழியில், நெடுமங்காட்டில் காப்பிக்கு நின்றபோது, பதினொன்றாம் வகுப்பில் என்ன எடுக்கப்போகிறாய் என்று விசாரித்தோம்.

"காமர்ஸ், தாத்தா" என்றான்.